பாயிண்ட் எண்ணினால் கணக்கு வருமா?

திருவையாற்றிலும் அதைச் சுற்றியுள்ள கண்டியூர், தில்லைஸ்தானம், திருப்பழனம் பக்கங்களிலும் ஒரு வீட்டுக்கு வயரிங் பேசி முடிக்க அதிக நேரம் ஆவதில்லை. எலெக்ட்ரீஷியன் வருவார். அறை அறையாகப் போய் எண்ணுவார். கூடத்தில் இரண்டு லைட், ஒரு ஃபேன், ஒரு பிளக், அடுக்களையில் இத்தனை, கொல்லையில் ஒன்று. எண்ணி முடித்ததும் ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார். பெருக்கிப் பார்த்து, கொஞ்சம் குறைத்துக் கேட்டு, அட்வான்ஸ் கொடுத்தால் காரியம் முடிந்தது. செங்கலுக்கும் சிமென்டுக்கும் நாள் கணக்கில் கடை கடையாக விசாரிக்கும் குடும்பம்கூட, முப்பது நாற்பது வருஷம் சுவருக்குள் புதைந்து கிடக்கப்போகும் செம்புக் கம்பிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குவதில்லை. இந்தப் பாயிண்ட் கணக்கு தொடங்குகிற இடமே தவறு என்பது என் வாதம். சுவிட்சுகளை எண்ணுவதற்கு முன்னால் எழுதிப் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. என்னென்ன சாதனம் ஓடப்போகிறது, அது மெயின் போர்டிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது, வீடு நிற்பது எந்த மண்ணில் என்பவை அவை. இவை காகிதத்தில் ஏறாத வீட்டில் மிச்சம் பிடித்ததாகத் தோன்றும் பணம், பிறகு எரிந்த மோட்டார் காயிலாக வெளியே போகிறது. சில வீடுகளில் உயிராகவே போய்விடுகிறது.

பாயிண்ட் என்ற அளவே தப்பு என்று சொல்ல வரவில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் மின்பணி விவரக்குறிப்புகளிலும் பாயிண்ட் கணக்கு உண்டு. ஆனால் அங்கே ஒரு பாயிண்ட் என்றால் சுவிட்ச் போர்டிலிருந்து விளக்கு வரைக்கும் போகிற பைப், வயர், சுவிட்ச், பெட்டி, எர்த் வயர் என்று எது எது அடக்கம் என்பது எழுதியிருக்கும்; எது அடக்கமில்லை என்பதும் எழுதியிருக்கும். லைன்கள் பிரியும் டி.பி. பாக்ஸிலிருந்து ஒவ்வொரு சுவிட்ச் போர்டுக்கும் வருகிற சர்க்யூட் லைன் தனிக் கணக்கு, மீட்டரிலிருந்து டி.பி.க்கு வருகிற மெயின் லைன் தனி, எர்த் குழி தனி. நம் தெருவில் பேசும் பாயிண்டுக்கு இந்த எல்லைகள் கிடையாது. சுவிட்ச் போர்டுக்கு ஒரு அடி மேலே உள்ள வாசல் விளக்கும் ஒரு பாயிண்ட்தான். போர்டிலிருந்து கூரை வரை ஏறி, கூரையில் எட்டு அடி ஓடி, நடுக்கூடத்தில் இறங்குகிற ஃபேனும் ஒரு பாயிண்ட்தான். இரண்டாவதற்கு வயர் மட்டும் பல மடங்கு கூட. மாடிப்படி விளக்கைக் கீழேயும் மேலேயும் போட்டு அணைக்க டூ-வே வேண்டுமென்றால் இரண்டு சுவிட்சுக்கும் நடுவே கூடுதல் கம்பிகள் ஓட வேண்டும். ஒரே விலையில் இவ்வளவு வேறுபட்ட வேலைகளை அடைத்தால், நஷ்டத்தை எங்கேயாவது ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது வயரின் தடிமனில், நடக்கிறது.

தடிமன் குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் காவிரிக்கரை வீடுகளைப் போலத் தெளிவாகக் காட்டக்கூடியது வேறில்லை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று பழைய வீடுகள் தெருவிலிருந்து பின்பக்கம் வரை ஒரே கோடாக நீண்டு கிடக்கும். மீட்டர் திண்ணையில், மோட்டார் கொல்லையில். நடுவே 150 அடி என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய 45 மீட்டர். மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டும் என்பதால் கணக்குக்கு 90 மீட்டர். கடையில் விற்கும் ஒரு காயிலின் நீளமும் அதுதான். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்த நீளத்துக்கு மின்தடை சுமார் 1¾ ஓம். ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 6 அல்லது 7 ஆம்பியர் இழுக்கும். அப்போது வழியிலேயே 11 வோல்ட் தொலையும். பரவாயில்லை என்று தோன்றலாம். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த முதல் வினாடிகளில் நாலைந்து மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 30 ஆம்பியர் என்று வைத்தால் 50 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். கோடை மாலையில் தெருவுக்கே 200 வோல்ட்தான் வருகிறது என்றால், மோட்டாருக்குக் கிடைப்பது 150க்கும் கீழே. மோட்டாரின் கிளப்பு விசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-இல் கிடைப்பதில் பாதிகூட 150-இல் கிடைக்காது. மோட்டார் உறுமும், சுற்றாது, காயில் சூடேறும். இதே இடத்தில் 2.5 சதுர மி.மீ. வயர் போட்டிருந்தால் ஓட்டத்தில் 5 வோல்ட்டும், கிளம்பும்போது 20 வோல்ட் சொச்சமும்தான் போகும். பாயிண்ட் கணக்கில் கொல்லை மோட்டாருக்கு எழுதியிருப்பது என்னவோ 'பவர் பிளக் – 1'. அதில் 150 அடி எங்கேயும் இல்லை.

வயல்காட்டிலும் இதே கதைதான், அங்கே தூரம் இன்னும் கூட. மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12-ஐத் தாண்டினால், ஃபில்டர் பாயிண்ட் என்ற ஆழமில்லாத குழாய்க்கிணற்றின் தண்ணீரை நம்பித்தான் குறுவை நாற்றங்கால் நிற்கும். கம்பத்திலிருந்து மோட்டார் கொட்டகை வரை இழுக்கும் வயரை மெலிதாகப் போட்டால் அந்த நாட்களில்தான் மோட்டார் எரியும். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் வயரில் வீணாகும் யூனிட் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. காயில் கட்டுகிற கடையில்தான் அந்தக் கணக்கு தீர்கிறது.

வயரை நீளத்தில் மட்டுமே பார்க்கிறோம். எடையிலும் பார்த்தால் பல விஷயம் புரியும். 90 மீட்டர் காயிலில் ஒரு சதுர மி.மீ. வயர் என்றால் உள்ளே இருக்கும் செம்பு சுமார் 800 கிராம். 1.5 என்றால் 1,200 கிராம். 2.5 என்றால் 2 கிலோ. 4 என்றால் மூன்றே கால் கிலோவை நெருங்கும். மேலே சொன்ன மோட்டார் லைனுக்குச் சரியான வயர் போடுவதற்கான கூடுதல் செலவு, அடிப்படையில் ஒன்றே கால் கிலோ செம்பின் விலை. எரிந்த மோட்டாருக்கு ஒரு முறை காயில் கட்டும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செம்பின் விலையோ லண்டன் உலோகச் சந்தையில் தினமும் ஏறி இறங்குகிறது. அதனால்தான் நல்ல கொட்டேஷனில் 'இந்த விலை இத்தனை நாளுக்குச் செல்லும்' என்று ஒரு வரி இருக்கும். ஆறு மாதம் முன்பு சொன்ன பாயிண்ட் விலையிலேயே இன்றும் முடித்துத் தரச் சொன்னால், ஏறிய செம்பு விலையை ஒருவர் தன் கூலியிலிருந்து கட்ட வேண்டும், இல்லையென்றால் காயிலைக் குறைத்து வாங்க வேண்டும். சாமானோடு சேர்த்துப் பேசும் பாயிண்ட் விலையில், வயர் மெலிய மெலிய வேலை எடுத்தவருக்கு லாபம் கூடும் என்ற அமைப்பே இருக்கிறது. அதற்கு ஒரு தனிமனிதரின் நாணயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கு போடும் முறை அப்படி இருக்கிறது. சாமானை வீட்டுக்காரரே வாங்கி, கூலியை மட்டும் பாயிண்டுக்குப் பேசினால் இந்த இழுப்பு பெருமளவு போய்விடும். ஆனால் அதற்கு எத்தனை காயில், எந்த அளவு, மின்னோட்டம் மீறினால் தானே விழும் எம்.சி.பி. எத்தனை என்ற பட்டியல் முதலில் வேண்டும். ஆக, எப்படிச் சுற்றி வந்தாலும் மதிப்பீட்டிடமே வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பட்டியலின் முதல் பக்கம் லோடு பட்டியல். எலெக்ட்ரீஷியனுக்காகக் காத்திருக்காமல் வீட்டுக்காரரே ஒரு மாலையில் எழுதிவிடலாம். சாதாரண இரண்டு படுக்கையறை வீட்டை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு எல்.இ.டி. விளக்கு, சேர்த்து 120 வாட். ஐந்து ஃபேன் 350. ஃப்ரிட்ஜ் 200, மிக்ஸி 750, கிரைண்டர் 200, டி.வி. 100, வாஷிங் மெஷின் 500, இஸ்திரிப் பெட்டி 1,000, ஒரு குதிரைத்திறன் மோட்டார் 750, வெந்நீர் ஹீட்டர் 2,000, ஒன்றரை டன் ஏ.சி. 1,600. கூட்டினால் ஏழரை கிலோவாட்டைத் தாண்டுகிறது. இதில் விளக்கும் ஃபேனும் சேர்ந்து அரை கிலோவாட்கூட இல்லை. பாயிண்ட் எண்ணிக்கையில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்ளும் விளக்கும் ஃபேனும் லோடில் பதினாறில் ஒரு பங்கு. எண்ணிக்கையில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாலைந்து பவர் பிளக்குகளில்தான் மீதியில் பெரும்பகுதி இருக்கிறது. எண்ணிக்கையை வைத்துத் தொகை பேசுகிறவர் எங்கே கவனம் வைக்க வேண்டுமோ அங்கே வைக்காமல் போவதற்கு இதுவே காரணம். லோடு பட்டியல் எழுதிவிட்டால் மற்றவை தானாக வரும்: சிங்கிள் பேஸ் போதுமா, த்ரீ பேஸ் சர்வீஸ் கேட்க வேண்டுமா, ஹீட்டரும் ஏ.சி.யும் ஒரே பேஸில் உட்காராமல் பிரிப்பது எப்படி. எத்தனை சர்க்யூட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் எம்.சி.பி. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 732 என்ற வயரிங் விதிநூல், விளக்கு–ஃபேன் சர்க்யூட் ஒன்றில் பத்துப் பாயிண்டுக்கோ 800 வாட்டுக்கோ மேல் போகக்கூடாது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாதே என்று கேட்கலாம். ஓடாதுதான், அதற்கும் கணக்கில் இடமுண்டு, மெயின் லைனை முழு ஏழரைக்கு அல்லாமல் ஒரு பங்கு குறைத்தே தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் எதைக் குறைப்பது என்று முடிவு செய்ய முழுத்தொகை முதலில் தெரிந்திருக்க வேண்டும். மார்கழிக் காலையில் ஹீட்டர், மோட்டார், மிக்ஸி மூன்றும் சேர்ந்து ஓடும் அரை மணி நேரத்தை எந்தச் சராசரியும் காட்டாது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது தெரியும்.

இனி மண். மதிப்பீடுகளில் அதிகம் விட்டுப்போவது எர்த் குழி. காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகள் பாயும் ஊருக்கு எர்த் பற்றிக் கவலை எதற்கு என்று தோன்றும். ஈரக் களிமண்ணில் மின்சாரம் எளிதில் இறங்கும் என்பது உண்மை. இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயை அப்படிப்பட்ட மண்ணில் இறக்கினால் ஏழெட்டு ஓம் தடைக்குள் வந்துவிடும். உப்பும் கரியும் போட்டால் இன்னும் குறையும். அதே குழாயைத் தஞ்சாவூரைத் தாண்டி வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் இறக்கினால் தடை பத்து மடங்கு ஆனாலும் வியப்பில்லை. அந்த அளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஆற்றோரத்து மணல் படுகை மேல் கட்டிய வீட்டுக்கும், நடவு வயலை மேடாக்கிக் கட்டிய வீட்டுக்கும் ஒரே ஊரிலேயே வித்தியாசம் உண்டு. அதைவிடப் பெரிய வித்தியாசம் காலத்தால் வருவது. வழக்கமாக ஜனவரிக் கடைசியில் மேட்டூர் மூடுகிறது. சித்திரை வைகாசியில் ஆறு மணலாகக் கிடக்கும். நிலத்தடி நீர் இறங்கும். குழாயைச் சுற்றியுள்ள மண் காயும். ஐப்பசி மழையில் அளந்து 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிய எர்த், வைகாசியில் அதே எர்த் அல்ல. ஆக, டெல்டாவில் எர்த்துக்கான மதிப்பீட்டை வைகாசி மண்ணுக்குப் போட வேண்டும். குழாயை இன்னும் ஆழமாக இறக்குவதா, இரண்டாவது குழி தோண்டுவதா, தண்ணீர் ஊற்றப் புனல் வைத்த மூடியிட்ட தொட்டி கட்டுவதா என்பதை அப்போதே எழுத வேண்டும். வீடு முடிந்து தரையில் டைல்ஸ் ஒட்டிய பிறகு இடம் கிடைக்காது.

எர்த் மட்டும் நன்றாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. சின்னக் கணக்கு ஒன்றே அதைக் காட்டிவிடும். எர்த்தின் தடை 10 ஓம் என்று வைப்போம். கிரைண்டருக்குள் வயர் உரசி அதன் இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டது. 230 வோல்ட்டை 10-ஆல் வகுத்தால் அதிகபட்சம் 23 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். அந்த லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. சட்டென்று விழ அதற்கு 80 ஆம்பியராவது வேண்டும். 23-க்கு அது நெடுநேரம் விழாமலே நிற்கக்கூடும். அவ்வளவு நேரமும் கிரைண்டரின் இரும்பு உடம்பு மின்சாரம் ஏறிய கம்பிதான். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றச் செய்தது. மனிதரைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும்; வீட்டுக்கான கருவியில் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண் இமைப்பதற்குள் அறுத்துவிடும். எர்த் மோசமாகி 70 ஓம் ஆன வைகாசியிலும், 30 மில்லி ஆம்பியர் கசியும்போது இரும்பு உடம்பில் நிற்பது 2 வோல்ட் சொச்சம்தான். இவ்வளவு செய்யும் ஒரே ஒரு கருவி, பாயிண்ட் கணக்கில் வருவதே இல்லை. அது ஒரு விளக்கும் அல்ல, சுவிட்சும் அல்ல, பிளக்கும் அல்ல. எண்ணுகிறவர் கண்ணில் படாததால் கொட்டேஷனிலும் இடம் பெறுவதில்லை. 'போடலாம், ஆனால் எக்ஸ்ட்ரா' என்று கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் வரும்போது கையில் பணம் இருக்காது.

இதற்கு வழக்கமாக வரும் முதல் மறுப்பு: தாத்தா காலத்து வயரிங் இன்னும் ஓடுகிறதே? மேட்டூர் அணை 1934-இல் முடிந்து அதன் மின்நிலையம் 1937-இல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பின்வந்த தலைமுறைகளில் மின்சாரம் வந்த வீடுகளில் இரண்டோ மூன்றோ குண்டு பல்பு, ஒரு ரேடியோ, வசதி இருந்தால் ஒரு ஃபேன். தேக்குச் சட்டத்தில் ஆணியடித்து ஓடிய அந்த வயருக்கு 300 வாட்டைக்கூடச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. சட்டத்துக்கு மேலேயே ஓடியதால் எங்கே கருகினாலும் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வீட்டின் ரேழி பிளக்கில் இன்று ஹீட்டரைச் செருகுகிறோம். ரப்பர் உறை காய்ந்து விரிசல் விட்ட வயர், மிக்ஸி போடும்போதெல்லாம் மங்குகிற விளக்கு, ஃபியூஸ் போகப் போகத் தடித்த கம்பியாகக் கட்டிய ஃபியூஸ் கட்டை ஆகியவற்றைப் பார்த்தும் 'இன்னும் ஓடுகிறது' என்று சொல்கிறோம். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பாயிண்ட் விலை இன்னும் மோசமாகத் தவறும். ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவரில் காடி வெட்டுவது புதுச் செங்கல் சுவரில் வெட்டுவதைப் போல அல்ல. நாட்டு ஓட்டுக் கூரையில் பைப் புதைக்கக் கான்கிரீட்டும் இல்லை. சுவருக்கு மேலேயே பைப் ஓட்டுவதுதான் பல இடங்களில் மலிவும் பாதுகாப்பும். இதைத் தீர்மானிக்க வீட்டை நேரில் பார்த்து அளக்க வேண்டும், எண்ணினால் போதாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. இவ்வளவையும் எழுதிப் போட்டால் ஏழைக் குடும்பம் வீடு கட்ட முடியுமா? கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். அதில் அடித்தளம், சுவர், கூரை, கதவு எல்லாம் போக வயரிங்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை எங்கே வைப்பது என்பதற்குத்தான் மதிப்பீடு மிகவும் வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் லைன்கள் குறைவு, தூரம் குறைவு. சரியான தடிமனில் வயர் போட ஆகும் கூடுதல் செலவும் குறைவு. குறைக்கக்கூடிய செலவுகள் வேறு இருக்கின்றன. பளபளப்பான மாடுலர் சுவிட்சுக்குப் பதில் சாதாரண ஐ.எஸ்.ஐ. முத்திரை சுவிட்ச் போடலாம்; அலங்கார விளக்கைப் பிறகு வாங்கலாம்; படுக்கையறையில் நாலு விளக்குக்கு இரண்டு போதும். இவையெல்லாம் எந்த நாளும் கழற்றி மாற்றக்கூடியவை. சுவருக்குள் போன வயரையும் மண்ணுக்குள் போன எர்த்தையும் அப்படி மாற்ற முடியாது. நடைமுறையில் நடப்பது தலைகீழ். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பது சுவிட்ச் பிளேட்டையும் ஃபால்ஸ் சீலிங் விளக்கையும் என்பதால் பணம் அங்கே போகிறது, ஆர்.சி.சி.பி. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' ஆகிறது. வசதியுள்ள வீட்டிலும் வசதியற்ற வீட்டிலும் இது ஒன்றுபோலவே நடக்கிறது என்பதால், இதைப் பணமின்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

நிரந்தரமான வீட்டிலேயே இப்படியென்றால், இரண்டு நாள் பந்தலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தை மாதத்தை ஒட்டி வரும் பகுள பஞ்சமியில் தியாகராஜ ஆராதனைக்காகத் திருவையாற்றின் ஆற்றங்கரையே பந்தலாகிறது. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று டெல்டாவில் பந்தல் இல்லாத மாதம் குறைவு. பந்தலுக்கான கொட்டேஷனில் இருப்பவை சீரியல் செட் இத்தனை, டியூப் லைட் இத்தனை, மைக் செட், ஜெனரேட்டர் இத்தனை மணி நேரம். ஈரத் தரையில் கிடக்கும் வயருக்கும், கீற்றோடு உரசும் ஒட்டுக்கும், ஜெனரேட்டரின் எர்த்துக்கும், இரவு முழுக்கக் கூடவே இருக்க வேண்டிய ஆளின் கூலிக்கும் அதில் வரி கிடையாது. 2004 ஜனவரி 23 அன்று, காவிரியின் மேல்பக்கம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணப் பந்தலில் மின்கசிவிலிருந்து தீ கிளம்பிக் கீற்றைப் பிடித்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2022 ஏப்ரல் 27 விடியலில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தனர். அதில் சிறுவர்களும் இருந்தார்கள். இரண்டும் வெவ்வேறு வகை விபத்து. ஒன்றை மற்றொன்றின் காரணத்தோடு குழப்பக்கூடாது. ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒருவர் இடத்தைச் சுற்றி வந்து, எதன் பக்கத்தில் எது இருக்கிறது, தலைக்கு மேலே என்ன உயரத்தில் கம்பி ஓடுகிறது, அலங்காரத்தோடு சேர்த்து நம்முடையது எத்தனை அடி என்று எழுதிப் பார்க்கும் ஒரு பக்கம் தேவைப்பட்டது. விளக்கை எண்ணுகிற பட்டியலில் உயரம் என்ற கட்டமே இல்லை. மின்விளக்கு வீடுகளுக்குள் வரத் தொடங்கிய 1882-லேயே லண்டனில் பொறியாளர்கள் கூடி வயரிங்குக்கு விதிகள் எழுதினார்கள். அவர்களைப் பிடித்து ஆட்டிய பயம் தீதான். நூற்றாண்டைத் தாண்டியும் அதே பயத்துக்கு நம் கொட்டேஷனில் ஒரு வரி கிடைக்கவில்லை.

வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் மனம் மாறுவார், பிறகு எந்த மதிப்பீடு நிற்கும் என்பது இன்னொரு மறுப்பு. மனம் மாறத்தான் செய்யும். சென்ட்ரிங் அடித்த அன்று மச்சினர் வந்து 'மாப்பிள்ளை, இங்கே ஒரு ஏ.சி. பாயிண்ட் விட்டுடுங்க' என்று சொல்லாத வீடு அபூர்வம். விவரமான மதிப்பீட்டில் ஒவ்வொரு உருப்படிக்கும் தனி விலை இருப்பதால் கூடுவதையும் குறைவதையும் சண்டையில்லாமல் கணக்கிடலாம். மொத்தமாகப் பேசிய பாயிண்ட் விலையில்தான் கடைசி வாரம் மனக்கசப்பு வருகிறது. வயரில் வெட்டுச் சேதாரத்துக்கு ஐந்து சதவீதமும், எதிர்பாராததற்கு இன்னொரு ஐந்து சதவீதமும் சேர்ப்பது மதிப்பீட்டுப் பாடத்தின் பழைய வழக்கம். இதோடு, கான்கிரீட் போடும் முன் இரண்டு மூன்று வெற்றுப் பைப்புகளைப் புதைத்து வைக்க வேண்டும். பைப்பின் விலை மிகக் குறைவு. பிறகு கூரையைக் குடைய ஆகும் செலவு அப்படியல்ல. மொட்டை மாடியிலிருந்து மீட்டர் வரை ஒரு வெற்றுப் பைப் கட்டாயம் வேண்டும். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சூரியத் தகடுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இன்று வேண்டாம் என்கிறவர்களும் ஐந்து வருஷத்தில் கேட்கக்கூடும்.

எலெக்ட்ரீஷியன் பக்கத்திலும் ஒரு நியாயமான குறை இருக்கிறது. என் பார்வையில் இந்த விஷயம் முழுவதும் சிக்கிக்கொண்டிருக்கும் முடிச்சு அதுதான். ஒரு நாள் முழுக்க அளந்து, இரண்டு இரவு உட்கார்ந்து லோடு பட்டியலும் வயர் அளவும் எழுதிக் கொடுத்தால், வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் வேறு இருவரிடம் காட்டி யார் குறைவாகச் செய்வார்கள் என்று கேட்கிறார். எழுதியவருக்குக் கிடைப்பது ஒரு டீ. அடுத்த முறை அவர் எழுதமாட்டார். எண்ணிச் சொல்லிவிட்டுப் போவார். அறிவுக்குக் கூலி இல்லாத இடத்தில் கைவேலைக்கு மட்டும் விலை பேசுவது இயல்பாக நடக்கிறது. கட்டட வரைபடம் போட்டவருக்குத் தனியாகப் பணம் கொடுக்கிறோம். அவர்தான் கட்ட வேண்டும் என்று இல்லை. மின்சார மதிப்பீட்டுக்கும் அப்படித் தனிக் கட்டணம் கொடுத்துப் பழக வேண்டும். வேலை அவருக்கே வந்தால் கழித்துக்கொள்ளலாம். வராவிட்டாலும் அந்தக் காகிதம் வீட்டுக்காரருடையது. அதே அளவு வயர், அதே எம்.சி.பி., அதே எர்த் என்று ஒரே பட்டியலை மூவரிடம் கொடுத்து விலை கேட்டால் மட்டுமே விலைகளை ஒப்பிட முடியும். ஒருவர் 1.5-க்கும் ஒருவர் 2.5-க்கும் சொன்ன தொகைகளை வைத்துக்கொண்டு யார் மலிவு என்று பார்ப்பது, ஐ.ஆர். 20 நெல்லையும் பொன்னி நெல்லையும் மூட்டையை மட்டும் எண்ணி விலை ஒப்பிடுவது போல.

பட்டியலின் கடைசிப் பக்கம் சோதனைக்கானது. அதற்கும் கூலி எழுதப்பட்டிருக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கர் வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டின் இன்சுலேஷனும் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, எர்த்தின் தடையை அளந்து தேதியோடு எழுதுவது, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று வீட்டில் உள்ள எல்லோர் கண் முன்னும் காட்டுவது, பைப் சுவருக்குள் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு படம் வரைந்து டி.பி. கதவின் உட்பக்கம் ஒட்டுவது. அரை நாள் வேலை. எர்த்துக்கு எதிரே எழுதிய தேதி கார்த்திகை என்றால், அதற்குக் கீழே வைகாசிக்கு ஒரு காலி வரி விட்டு வைக்க வேண்டும்.